ஓரகத்திகள் ஏறிய படகு

வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், என் ஓரகத்தி பச்சையம்மாளும் நான் கட்டியிருந்த அதே மாதிரி சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர். நாத்தனார் மகள் காதுகுத்துக்கு எங்கள் மாமியார் கள்ளக்குறிச்சியில் ஒரே கடையில் இரண்டு மருமகள்களுக்கும் எடுத்துக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மருமகள்களுக்கு ஒன்றுபோல எடுத்துவிட்டால் யாரும் மூஞ்சியைத் தூக்க முடியாது. பெட்டியில் எத்தனையோ சேலை இருக்க, இன்றைக்கென்று பார்த்து இரண்டு பேர் கையிலும் இதுவா அகப்பட வேண்டும்? வீட்டுக்கு ஓடிப்போய் மாற்றிவிட்டு வரலாமா என்று யோசித்தேன். வேண்டுமானால் அவள் போய் மாற்றட்டும், நான் எதற்கு இறங்க வேண்டும்? டிரைவர் பக்கத்து ஜன்னலோரமாக நான் உட்கார்ந்தேன். கடைசி சீட்டில் அவள் உட்கார்ந்தாள். எலவனாசூர்கோட்டையிலிருந்து எங்கள் மகளிர் குழு கல்வராயன் மலைக்குச் சுற்றுலா கிளம்பியது.

பச்சையம்மாள் என் கணவரின் அண்ணன் பெண்டாட்டி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பேச்சு நின்று மூன்று வருஷம். அவள் மகன் சரத்குமார் கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆரத்தி கரைத்தது நான். மஞ்சளும் சுண்ணாம்பும் பதமாகக் கலந்து, வெற்றிலையில் சூடம் வைத்துத் தயாராக நின்றவளும் நான். வாசலுக்கு ஜோடி வந்ததும் இவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டு, என் கையிலிருந்த தட்டை வாங்கி அவளிடம் கொடுத்தாள். நான் பந்தியில் உட்காராமல் எழுந்து வந்துவிட்டேன். சாப்பிடாமல் போய் என் மகன் கல்யாணத்தை அவமானப்படுத்திவிட்டாள் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். தட்டைப் பிடுங்கியதை மட்டும் சொல்லவில்லை.

அதற்காக எங்களுக்குள் சேதி நின்றுபோய்விடவில்லை. "ஏ எருமை, மோட்டார் ஓடிக்கினே இருக்குதே, நிறுத்தறவங்களுக்குக் காது அவிஞ்சி போச்சா?" என்று நான் என் எருமையிடம் சொன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் நிற்கும். "ஏ கோழி, அடுத்த வூட்டு மொளகாயக் கிண்டாத, அப்புறம் வாய்க்கு வந்தபடி பேசுவாங்க" என்று அவள் கோழியிடம் சொன்னால் நான் மிளகாயை அள்ளி உள்ளே வைப்பேன். முகம் பார்த்து ஒரு சொல் கிடையாது. யார் முதலில் வாய் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். இது யாரும் போடாத சட்டம். ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது என் மகள் அபிநயாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். என் வீட்டுக்காரர் வெங்கடேசன் தாம்பூலத் தட்டோடு போய் அண்ணன் வீட்டில் பத்திரிகை வைத்தார். பச்சையம்மாள் தட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டு, "பத்திரிகை வந்துடுச்சி வெங்கடேசா, கூப்புட வேண்டிய வாய்தான் இன்னும் வரல" என்றாளாம். நான் நடவுக்குப் போன நாளெல்லாம் அபிநயாவுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்தான். "பெரிம்மா வரலன்னா நான் மணவறைல ஒக்கார மாட்டேன், பாத்துக்கம்மா" என்று இந்தப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறது. ஊரே வந்து நின்றாலும் பச்சையம்மாள் இல்லாத கல்யாணம் எனக்கும் கல்யாணமாகத் தெரியாது. கூப்பிட ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. வாய்தான் வரமாட்டேன் என்றது.

கச்சிராயபாளையத்தில் எங்கள் கைடு ஏறினாள். கவியா என்று பெயர், மலைக்காரப் பெண். தலையில் தொப்பி, கழுத்தில் விசில். வேன் மலை ஏற ஏற, "அந்தப் பக்கம் கீழ பாருங்க, கோமுகி டேம்" என்றாள். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். டிரைவர் கத்தினார். மரவள்ளிக் கொல்லைகளையும் சாமை விதைக்க உழுது போட்டிருந்த சரிவுகளையும் காட்டிக்கொண்டே வந்தாள். காற்று குளிர்ந்தது. குழுத் தலைவி அருள்மொழி முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு பழைய பாட்டு ஒன்றை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வேன் முழுக்கப் பாடியது. நானும் பாடினேன். கடைசி சீட்டிலிருந்து வந்த கட்டைக்குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா என்ன.

கோடை மழை பெய்திருந்ததால் பெரியார் அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்ற எங்கள் இருவரையும் கவியா மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரே சேலையா கட்டிக்கினு வந்திருக்கீங்க! அக்கா தங்கச்சிங்களா?"

யாராவது அவளிடம் விவரம் சொல்லியிருக்கலாம். ஒருத்தி சொல்லவேண்டுமே! எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ஆமாம்மா, ஒட்டிப் பொறந்தவங்க, பிரிக்கவே முடியாது" என்று அருள்மொழி ஏற்றிவிட்டாள். சாப்பிடும்போது பச்சையம்மாள் கவியாவைப் பார்த்து, "யம்மாடி, புளிசோத்துல உப்பு ஜாஸ்தின்னு செஞ்சவங்ககிட்ட சொல்லு" என்றாள். நானும் அதே பெண்ணிடம், "ஜாஸ்தின்னு சொல்றவங்க எதுக்கு ரெண்டாம் தரம் வாங்கறாங்கன்னு கேளு" என்றேன். அவள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள் பாவம்.

மத்தியானத்துக்குமேல் கரியாலூர் ஏரிக்கு வந்தோம். பெரிய ஏரி என்று சொல்ல முடியாது. சுற்றிலும் மரங்கள் குனிந்து பார்க்க, நடுவில் பச்சைத் தண்ணீர். கவியா தன் வீட்டு மரத்துப் பலாப்பழம் ஒன்றை வேனிலிருந்து இறக்கி வைத்தாள். "காலால மிதிக்கிற போட்டு ரெண்டு இருக்குது, போட்டுக்கு ரெண்டு பேரு. நடுவுல மெதக்குற செவப்பு டிரம்மச் சுத்திக்கினு யாரு மொதல்ல வராங்களோ அவங்களுக்கு இந்தப் பழம்" என்றாள். ஒரு படகில் அருள்மொழியும் எங்கள் குழுவின் இசைவாணியும் ஏறினார்கள். இன்னொரு படகுக்கு ஆள் தேடிய கவியாவின் கண் எங்கள் சேலைமேல் விழுந்தது. "அக்கா தங்கச்சி வாங்க!" என்று இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்தாள்.

கரையில் விசிலும் கைத்தட்டலும் தூள் பறந்தது. நான் மாட்டேன் என்றால் பயந்துவிட்டாள் என்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் விறைப்பாக ஏறி உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இங்கே எருமை இல்லை, கோழி இல்லை, கவியாவும் கரையில் நிற்கிறாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

விசில் ஊதியதும் மிதித்தோம். படகைத் திருப்பும் கம்பி எங்கள் நடுவில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் இழுத்தாள், நான் இந்தப் பக்கம் இழுத்தேன். படகு நின்ற இடத்திலேயே செக்குமாடாகச் சுற்றியது.

"இந்தக் கம்பி நம்ம பேச்சக் கேக்காது போல. அடங்காத கம்பி" என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்து.

"ஏ கம்பி, உன்ன ரெண்டு பேரு இழுத்தா நீதான் இன்னா பண்ணுவ? ஒருத்தரு வுட்டுத் தொலைக்கணும்" என்றேன் நான், கம்பியைப் பார்த்து.

அதற்குள் அருள்மொழி படகு எங்களைத் தாண்டிப் போனது. "ராணிங்களா, நீங்க இங்கயே குந்திக்கினு இருங்க, நாங்க போயி பழத்த அறுக்கறோம்!" என்று கத்தினாள். அதோடு விட்டிருக்கலாம். "வூட்லயும் சுவரு, போட்லயும் சுவரு" என்று இசைவாணியிடம் சொல்லிச் சிரித்தது தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது. எனக்குச் சுரீர் என்றது. எங்கள் சுவரைப் பற்றிப் பேச இவள் யார்?

"மணி! மிதிடி!"

என் பெயர் மணிமொழி. மணி என்று கூப்பிடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தாள். மூன்று வருஷம் கழித்து முதலில் திறந்தது அவள் வாய்! சந்தோஷத்தில் எனக்குக் காலில் எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ. கம்பியை அவள் கையிலேயே விட்டேன். மாடு மிரண்டு ஓடுவதுபோலப் படகு கிளம்பியது. டிரம்மைச் சுற்றும்போது அருள்மொழி அகலமாகப் போய்விட்டாள். எங்கள் படகு டிரம்மை உரசிக்கொண்டு திரும்பி முன்னால் வந்தது. கரையில் எல்லாரும் எழுந்து நின்று குதித்தார்கள். இன்னும் கொஞ்ச தூரம்தான். பலாப்பழத்தின் முள்கூடத் தெரிந்தது.

படகு நின்றுவிட்டது. என்ன மிதித்தும் நகரவில்லை. குனிந்து பார்த்தேன். பச்சையம்மாள் மிதியில் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்க மிதிக்கும் ஒரே தண்டு. அவள் ஊன்றினால் என் பக்கமும் சுற்றாது.

"இன்னாக்கா, மிதிக்கா! வராங்க பாரு!"

"வரட்டும்."

"பழம் போயிடும்க்கா!"

"போவட்டும். எனக்கு இன்னா, பலாப்பழமா வோணும்?" அவள் ஏரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "கூப்புடு."

பின்னால் அருள்மொழியின் படகு தண்ணீரைச் சலசலவென்று அடித்துக்கொண்டு நெருங்கியது. நான் முனகினேன். "கல்யாணத்துக்கு வாக்கா."

"காதுல வுழல."

இவ்வளவு நாள் அடைத்துக்கொண்டு கிடந்தது எதுவோ அப்போது பிய்த்துக்கொண்டது. எழுந்து நின்றுவிட்டேன். படகு ஆடியது. "அக்கா! எம் பொண்ணு அபிநயா கல்யாணத்துக்கு மாமாவ, புள்ளைய, மருமவள எல்லாத்தையும் இட்டுக்கினு முன்னாடியே வந்து, கூட நின்னு நடத்திக் குடுக்கணும்! ஆரத்தி நீதான் எடுக்கணும்! நீ என்ன வுட்டாமாதிரி நான் உன்ன வுட மாட்டேன்!" மலையில் பட்டுப் பாதி வார்த்தை திரும்பி வந்தது.

அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு நிமிர்ந்தது. "வரேன்டி. நல்லா வரேன். உன்னமாதிரி சாப்புடாம எழுந்து போவ மாட்டேன். மூணு வேளையும் தின்னுட்டுத்தான் போவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவளுக்கும் அப்படித்தான். ஊன்றிய காலை எடுத்தாள். நான் உட்கார்ந்தேன். அருள்மொழி படகின் மூக்கு எங்கள் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. இசைவாணியின் பல்லெல்லாம் தெரிந்தது. சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தோம். மூச்சு வாங்கியது, தொடை கடுத்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். டமார் என்று எங்கள் படகு முதலில் கரையில் மோதியது. விசில் கேட்டது. யாரோ மணிமொழி என்றார்கள், யாரோ பச்சையம்மா என்றார்கள். கவியா பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவந்து, "போதும்க்கா, கரை வந்துடுச்சி, நிறுத்துங்க!" என்று கத்தினாள். எங்கள் நான்கு கால்களும் நிற்கவில்லை. படகின் மூக்கு மண்ணில் குத்திக்கொண்டு நிற்க, பின்னால் கரியாலூர் ஏரித் தண்ணீர் வெள்ளையாக வாரியடித்துக்கொண்டிருந்தது.