ஆள் வருமுன் சுரண்டிய சுவர்

பால்டிமோரில் அந்த வீட்டுச் சுவர்களில் நூறு வருஷத்துப் பெயிண்ட். பூச்சுமேல் பூச்சு ஏறி அறையே சுருங்கிவிட்டதாம். அந்தக் காலத்தில் உள்ளே போன கட்டில் இன்னும் வெளியே வர வழியில்லாமல் கிடக்கிறதாம். கட்டில் கிடப்பது மட்டும் உண்மை.

வாடகைக்கு விடும்போது வீட்டுக்காரர் கெர்னி, கூரை ஒழுகாது என்றார், எலி இல்லை என்றார். பெயிண்டில் பிள்ளைகளுக்கு விஷமான காரீயம் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். குடிவந்த வெர்லீனின் மகள் ஜோனெல், இரண்டு வயது, சன்னல் விளிம்பை நக்கியே வளர்ந்தாள். காரீயம் இனிக்குமாம். ரத்தத்தில் அது தெரிந்ததும் வெர்லீன் நகராட்சிக்குப் போன் போட்டு கெர்னிமேல் புகார் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை ஆள் வரும் என்றார்கள்.

வினை அங்கேதான். அந்தத் தெருப் பெண்கள் வாசலின் வெள்ளைப் பளிங்குப் படியைத் தேய்த்துத் தேய்த்தே பேர் வாங்கியவர்கள். சாவு விழுந்தாலும் படியைத் தேய்த்துவிட்டுத்தான் அழுவார்கள்.

"கவர்மென்ட் ஆளு வர்றான், உன் சுவரு சொறி புடிச்ச நாய் மாதிரி நிக்குது," என்றாள் பக்கத்து வீட்டு ஒடெஸா. "இவளுக்கெல்லாம் எதுக்குப் புள்ளைன்னு கேப்பான்டி!"

"எனக்கும் அந்தப் பயந்தான், மிஸ் ஒடெஸா."

திங்கள் முழுக்க வெர்லீன் உரிந்ததையெல்லாம் கத்தியால் சுரண்டிப் பெருக்கி, வெள்ளை அடித்தாள். வீடு மாவு மில்லாயிற்று. ஜோனெல் தூசியில் படம் வரைந்து விரலைச் சப்பினாள்.

செவ்வாயன்று வந்த நகராட்சி ஆள் சுவரில் கருவியை வைத்தார். புதுப் பூச்சுக்கு அடியிலிருந்தும் அது காரீயத்தைக் காட்டிக்கொடுத்தது.

"புகார் நிக்கும்மா. கெர்னி தப்ப முடியாது." பிறகு தரை ஓரத்துத் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தார். "யாரு சுரண்டினது?"

"அசிங்கமா இருந்துச்சு சார்..."

"அசிங்கமாவே விட்டிருக்கலாமேம்மா."

கெர்னி அபராதத்தைக் கட்டிவிட்டு, அடுத்த வீட்டை வாடகைக்குக் காட்டப் போனார்.

அடுத்த மாதம் ஜோனெலின் ரத்தத்தில் காரீயம் இரண்டு மடங்கு. மூளையில் பட்டது பட்டதுதான் என்றார் டாக்டர்.

"இதுல கெர்னியால எவ்வளவு, என்னால எவ்வளவு டாக்டர்?"

"அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா."

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்," என்றாள் வெர்லீன்.