சேமிக்காத இருபத்துமூன்று நிமிடங்கள்

திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. குரல்காரர் அதைப் படிக்கவில்லை. கணினியில் இந்த மாதிரி எது வந்து நின்றாலும், வாசலில் சாமான் விற்க வந்தவரை அனுப்புவதுபோல "வேண்டாம்" என்று அழுத்திவிடுவது அவருக்குப் பழக்கம். இப்போதும் அழுத்தினார். பெட்டி போனது. பின்னால் வெறும் சாம்பல் நிறப் பரப்பு மட்டும் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அங்கே இருபத்துமூன்று நிமிடப் பேச்சு அலையலையாக ஓடிக்கொண்டிருந்தது.

குரல்காரர் என்றால் பாடகர் அல்ல. லிஃப்டில் "மூன்றாம் தளம்" என்று சொல்வது அவர்தான். வங்கிக்குப் போன் செய்தால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று பொறுமையைச் சோதிப்பதும் அவர்தான். ரயில் நிலையத்தில் வண்டிகளுக்காகப் பேசுவதும் அவரே. ஊரே அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறது, முகம் மட்டும் யாருக்கும் தெரியாது. வீட்டின் பின்னறையில் ஜன்னலுக்குக் கம்பளி அடித்து, ஒரு மைக்கும் ஒரு நாற்காலியுமாக இருபது வருடம் பிழைத்துவிட்டார்.

காலையில் அக்கா மகள் போன் செய்திருந்தாள். "மாமா, அம்மாவை என்கூடவே கூட்டிட்டுப் போறேன். நாலு மணி ரயில். இனிமே அங்கதான் இருப்பாங்க. உங்க போனை எடுக்கவே மாட்டேங்கறாங்க. நேர்ல வந்தாலும் பேச விடக் கூடாதாம், அவன் பேச்சுல ஊரே மயங்கும்னு சொல்றாங்க. நீங்க சொல்ல வேண்டியதைப் பேசி அனுப்புங்க. ரயில் ஏறுறதுக்கு முன்னாடி காதுல இயர்போனை மாட்டி விடறது என் பொறுப்பு."

போனிலேயே பேசி அனுப்பியிருக்கலாம். குழந்தைகூட அனுப்பும். ஆனால் தொழில் புத்தி விடுமா? போன் மைக்கில் காற்று இரையும், கரகரக்கும் என்று பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா இறந்த அன்று அக்கா அவரை ஆறு தடவை அழைத்தாள். மூன்று வருடம் அம்மாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டியவள் அவள். இவர் போனை மேஜைமேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் பதிவில் இருந்தார். முதல் இரண்டு அழைப்பைச் சத்தியமாகப் பார்க்கவில்லை. மூன்றாவதைப் பார்த்தார். ரயில் நிலையத்துக்கான வேலையில் ஒரே ஒரு வரிதான் பாக்கி. அதை முடித்துவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தார். அந்த வரி சரியாக அமைய நாலு தடவை பேச வேண்டியிருந்தது. திருப்பி அழைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அம்மா காதுல போனை வெச்சிட்டே இருந்தேன்டா. உன் குரலைக் கேக்கணும்னாங்க. மணி மட்டும் அடிச்சிட்டே இருந்துச்சு," என்றாள் அக்கா, அவர் நேரில் போய் நின்றபோது.

"பாக்கலக்கா. போன் சைலன்ட்ல இருந்துச்சு," என்றார் இவர். அதைக்கூட அழகாகச் சொன்னார். அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதோடு பேச்சை நிறுத்தியவள்தான், பதினாலு மாதம் ஆகிறது.

இன்றைக்குத்தான் அவருக்கு வாய் வந்தது. மைக்கை மறந்து, மூக்கு அடைத்து, சொன்னதையே திரும்பச் சொல்லி, நடுவில் விக்கி, "பாத்தேன்க்கா, மூணாவது தடவை பாத்தேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னபின் நெஞ்சிலிருந்து கல் இறங்கியதுபோல இருந்தது. அத்தோடு அனுப்பித் தொலைத்திருக்கலாம். கேட்டுப் பார்த்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் அசிங்கமாக இருந்தது. அதை மட்டும் துடைத்துவிடலாம் என்று இரைச்சல் நீக்கும் கருவியை ஓடவிட்டார். கோப்பை இன்னும் சேமிக்கவில்லை. திரை வெளுத்தது, உறைந்தது, மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரைப் போனில் பிடித்தார்.

"சேவ் பண்ணீங்களா சார்?"

"இல்ல."

"பயப்படாதீங்க. சாஃப்ட்வேர் தானா மூடிக்கிட்டாலும் அது ஒரு நகலை ஒளிச்சு வெச்சிருக்கும். மறுபடி திறக்கும்போது ஒரு பெட்டி வரும், பழசை மீட்கவான்னு கேக்கும்."

"வந்துச்சு."

"என்ன அழுத்துனீங்க?"

"வேண்டாம்னு."

அந்த மனிதர் நல்லவர், சிரிக்கவில்லை. அந்த ஃபோல்டரைத் திறங்க, இந்த ஃபோல்டரைத் திறங்க என்று அரைமணி நேரம் கூடவே இருந்தார். எல்லாம் காலி. கடைசியில் ஆறுதலாக, "மறுபடி பேசிடுங்க சார். உங்களுக்கென்ன, தொழிலே அதுதானே," என்றார்.

மறுபடி பேசினார். முதுகு தானாக நிமிர்ந்தது, மூச்சு சீரானது. "அக்கா, அன்று உன் மூன்றாவது அழைப்பை நான் பார்த்தேன். அதற்காக மனமார வருந்துகிறேன்." ஒரே தடவையில் அமைந்துவிட்டது. கேட்டுப் பார்த்தார். ஒரு பிசிறு இல்லை. 'மூன்றாவது' என்றபோது லிஃப்ட் கதவு திறக்கும் என்று தோன்றியது. இதை அனுப்புவதைவிட அனுப்பாமலே இருக்கலாம் என்று வெட்கமாக இருந்தது.

மூடப்போனபோது பெட்டி வந்தது. சேமிக்கவா? இந்தத் தடவை இரண்டு முறை படித்தார். படித்துவிட்டு "வேண்டாம்" அழுத்தினார். மணி மூன்றே முக்கால். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

நிலையத்துக்குள் நுழையும்போது நாலு தாண்டி ஐந்து நிமிடம். ஆனால் நடைமேடையில் கூட்டம் அப்படியே நின்றது. வண்டி வரவில்லை. கோடியில் ஒரு பெஞ்சில், ஒலிபெருக்கிக் கம்பத்துக்குக் கீழே அக்கா உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தாள். பின்னால் நின்றிருந்த மகள் இவரைப் பார்த்துவிட்டு, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் விழித்தாள்.

நாலு எட்டுத் தூரத்தில் நின்று வாயைத் திறந்தார். மேலே ஒலிபெருக்கி முந்திக்கொண்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வண்டி தாமதமாக வந்து சேரும். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

அந்த வரிதான். நாலு தடவையில் நாலாவது, நன்றாக அமைந்தது. அக்கா தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தாள். தம்பி இங்கே நிற்கிறான் என்று தெரியாமல் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றார். குரல் உடைந்து, மூக்கால் வந்தது. "இதுதான்க்கா. நீ மூணாவது தடவை கூப்பிட்டப்ப, பாத்துட்டும் எடுக்காம, இதைத்தான் பேசிட்டு இருந்தேன்."

அக்கா திரும்பினாள். மேலே அவர் குரல் அதே அறிவிப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவள் பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போவதற்கா, இடம் விடுவதற்கா என்று தெரியாமல், காலியான அந்த இடத்தைப் பார்த்தபடி அவர் நின்றார்.