கழிமுகத்து மட்டி

மட்டி ஊறிய சட்டியின் நீர்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. ஜுபைதா பீவி விரலால் தொட்டு முகர்ந்தாள். மண்ணெண்ணெய் வாடை. மண் கக்கட்டும் என்று ஓர் இரவு ஊறப்போடுவது வழக்கம். முந்தைய நாள் வாங்கியதில் பாதிதான் இப்படி ஊறியது. மறுபாதியை, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் நஃபீஸத் ஆசையாகக் கேட்டதும், உடனே ஆக்கிக் கொடுத்துவிட்டாள்.

"நேத்து வச்ச மட்டி ஆணத்துல வாடை ஏதும் இருந்துச்சா, மவளே?"

"லேசா இருந்துச்சும்மா. அடுப்புல சிந்திட்டியளோன்னு நெனச்சேன். சொன்னா கரண்டியத் தூக்கிருவியளே."

ஜுபைதா சிரிக்கவில்லை. மட்டி தோண்டி விற்கும் இசக்கித்தாய் அன்றும் கூடையுடன் வாசலுக்கு வந்தாள்.

"ஏளா, எங்கன தோண்டுதே?"

"ஆத்து மொகத்துல, தெக்குத் திட்டுல அக்கா. அங்கன ஒருத்தரும் வரமாட்டாவ. சும்மா குமிஞ்சு கெடக்கு."

"ஏன் வரமாட்டாவ?"

ஊர் மூடி வைத்ததை இசக்கித்தாய் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கப்பல் உடைந்து, எண்ணெய் கரையெங்கும் படிந்தது. செய்தி பரவினால் மீன் விலைபோகாது என்று அஞ்சிய ஊரார், கரியைப் போன்ற அந்தக் கசடைச் சுரண்டி, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துத் தெற்குத் திட்டின் சேற்றில் புதைத்தனர். அதன்பின் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தொண்ணூற்றிரண்டின் பெருவெள்ளம் அந்தத் திட்டை அரித்து, புதைத்த கசடைக் கிளறிவிட்டுப் போயிருந்தது.

"மக்கி மண்ணாயிருக்கும்னு நெனச்சேன். மட்டி உசுரோடதான இருந்துச்சு?" என்றாள் இசக்கித்தாய்.

ஜுபைதா அவளை அழைத்துக்கொண்டு கழிமுகத்துக்கே போனாள். இசக்கித்தாய் குதிகாலால் சேற்றை அழுத்தினாள். குழியில் ஊறிய நீர் கருத்துப் பளபளத்தது.

ஜுபைதா அங்கிருந்து நேராக மருத்துவரிடம் சென்றாள். வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்திருக்குமா என்பதை இப்போது சொல்ல இயலாது, இனிக் கொடுக்க வேண்டாம் என்றார் அவர்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், மகளிடம் மறைத்துவிடலாமா என்று ஜுபைதாவின் மனம் அலைந்தது. ஊர் மறைத்ததால் வந்தது இது. வந்ததும் மகளின் எதிரே அமர்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள்.

நஃபீஸத்தின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"பிள்ளை அசையுதா?"

"காலையில ஒதச்சுச்சு. இப்ப ஒண்ணும் தெரியல." வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "நேத்து நான் எவ்வளவும்மா தின்னேன்?"

போதும் போதும் என்றவளுக்கு மேலும் மேலும் அள்ளி வைத்தவள் ஜுபைதா. மகளின் கைமேல் தன் கையை வைத்து, ஓர் அசைவுக்காகக் காத்திருந்தாள்.