சிரித்த முகத்தை அழுத்தியது நான்

என் மனைவி வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்து, அவள் பக்கத்தில் நின்ற தோழி இறந்துபோனாள். இவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதன்பிறகு எங்கள் வீட்டில் குக்கர் வைப்பதில்லை.

வேலை இடத்தில் அவள் போனில் ஒரு மனநல ஆப்பைப் போட்டுக் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஐந்து கேள்வி. அவள் தேறிவிட்டாள் என்று அது சொல்லும்வரை மெஷின் வேலைக்குக் கூப்பிட மாட்டார்களாம்.

இரண்டு நாள் அவளே பதில் போட்டாள். மூன்றாம் நாள் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"நீங்களே போட்டுடுங்க. எனக்குக் கண்ணைக் கட்டுது."

வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது நான்தான். இதையும் அப்படியே நிரப்பினேன். பதிலுக்கு இருந்த படங்களில் அழுகிற முகத்தை அழுத்த மனசு வரவில்லை, அபசகுனமாகப் பட்டது. தினமும் சிரித்த முகம். தூக்கம் எட்டு மணி நேரம். பயம் இல்லை. ஆப்பு காட்டிய கோடு நாளுக்கு நாள் மேலே ஏற ஏற எனக்கே தெம்பாக இருந்தது. அதை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மறந்தே போனது.

இருபத்தாறாம் நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆப்புல எல்லாம் சிரிப்பா இருக்கு. திங்கட்கிழமை வந்துடுங்க. அதே மெஷின்தான், கை பழகினது."

வைத்துவிட்டார். துண்டு மடித்துக்கொண்டிருந்தவள், மடித்ததையே மறுபடி மறுபடி மடித்தாள். இனி மடிக்க முடியாது என்றானதும் கேட்டாள்.

"யாருங்க சிரிச்சது?"

"நான்தாம்மா."

"தூக்கத்துக்கு என்ன போட்டீங்க?"

"எட்டு மணி நேரம்."

"அது உங்க தூக்கம். உங்க குறட்டையை எண்ணிக்கிட்டு விடியவிடிய சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன். ஒரு நாளாவது திரும்பிப் பாத்தீங்களா?"

ஒரே கட்டில். இருபத்தாறு நாள்.

சூப்பர்வைசரை ஸ்பீக்கரிலேயே திரும்பக் கூப்பிட்டேன். "சார், முதல் ரெண்டு நாளுக்கப்புறம் அவ எதுவும் போடல. எல்லாம் நான் என் இஷ்டத்துக்குப் போட்டது. அவளை அனுப்ப முடியாது."

"என்ன சார், சின்னப்பிள்ளை விளையாட்டா இது? ரிப்போர்ட்டை மேல அனுப்பிட்டேனே." பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "சரி, அம்மா நிஜமா எப்படி இருக்காங்க?"

அவளே போனை வாங்கினாள்.

"சார், அன்னைக்கு அந்த இடத்துல நிக்க வேண்டியது நான். எனக்குக் கால் வலிக்குதுன்னு அந்தப் பொண்ணுதான் என்னை உக்காரச் சொல்லி இடம் மாத்திக்கிட்டா."

இது எனக்குத் தெரியாது.

"திங்கட்கிழமை வர வேணாம்மா," என்றார் அவர் மெதுவாக. "மேல நான் பேசிக்கிறேன்."

"சரிங்க சார்," என்று போனைக் கட்டிலில் வைத்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.