தற்காலிகக் கழிப்பறை, ஒன்று

காண்ட்ராக்டர் கொடுத்த மதிப்பீட்டின் நான்காம் பக்கத்தை எட்டுவதற்குள் அவன் பேனா மாடிக் கைப்பிடியின் வேலைப்பாட்டையும் வாசலின் இரண்டாவது விளக்கையும் அடித்திருந்தது. கட்டப்போகும் வீட்டின் செலவில் பாதியைக் கடனாகத் தரவிருக்கும் மாமனார் எதிரே அமர்ந்திருந்தார். அவர் பார்க்க வேண்டும் என்றுதான் அவன் இவ்வளவு கறார் காட்டினான்.

“கல்லுல நார் உரிக்கிறீங்க சார்,” என்றார் காண்ட்ராக்டர்.

“யானைய வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுற ஆளு இவரு,” என்றாள் மனைவி. மாமனார் ரசித்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு தந்த தெம்பில் அவன் அடுத்த வரியை உரக்கப் படித்தான். “‘வேலையாட்களுக்குத் தற்காலிகக் கழிப்பறை, ஒன்று.’ இது எதுக்குங்க? வீடு எங்களுக்கா, அவங்களுக்கா?”

“பொம்பளைங்களும் வேலைக்கு வருவாங்க சார்.”

“பின்னாடிதான் அவ்வளவு காலி இடம் கிடக்கே. இத்தனை நாள் எங்க போனாங்களோ அப்படியே போகட்டும்.” அந்த வரியின் மேலும் கோடு விழுந்தது.

சுவரோரம் துணி மடித்துக்கொண்டிருந்த அவன் அம்மா, தலை நிமிராமலே காண்ட்ராக்டரிடம் சொன்னாள்: “காலையிலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க தம்பி. இருட்டினப்புறம்தானே ஒதுங்க முடியும்? வெயில்ல கலவை சுமக்கும்போது நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கும். அடிவயிறு அப்படி எரியும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும் சம்பந்தியம்மா?” மாமனாரின் கேள்வியில் வியப்பு மட்டுமே இருந்தது.

அவனுக்குக் காது மடல்கள் சுட்டன. அவன் படித்த காலம் முழுவதும் அம்மா சித்தாளாகக் கலவை சுமந்தாள். பெண் பார்க்கப் போனபோது அம்மா தையற்கடை வைத்திருந்ததாக அவன் சொன்னான். மனைவிக்குக்கூட இன்றுவரை அதுதான் தெரியும். அம்மா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“கடைக்குத் துணி தைக்கக் கொடுக்க வர்றவங்க சொல்வாங்க,” என்றாள்.

பொய் அவனுடையது. அவளோ அதைத் தடுமாற்றமே இல்லாமல் சொன்னாள். எந்தெந்தக் கல்யாண வீட்டில், யார் யார் விசாரித்தபோது அதைச் சொல்லிச் சொல்லி அவள் நா பழகியிருக்கும் என்று எண்ணியபோது அவனால் யாரையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

“அதச் சேர்த்துக்கங்க,” என்றான்.

“எத சார்? நிறைய அடிச்சிருக்கீங்களே.”

“கழிப்பறைய.”

தொண்டையில் இன்னொரு வாக்கியமும் நின்றது: எங்க அம்மா சித்தாளா இருந்தவங்க, மாமா. காண்ட்ராக்டர் குனிந்து கூட்டலைத் திருத்திக்கொண்டிருந்தார். சொல்வதற்குப் போதுமான அவகாசம் இருந்தது.

மாமனார் முந்திக்கொண்டார். “பெரிய மனசு மாப்பிள்ளை உங்களுக்கு! சம்பந்தியம்மா, பிள்ளைய நல்லா வளர்த்திருக்கீங்க.”

“எல்லாம் அவனோட குணம்,” என்றாள் அம்மா, அவனுடைய சட்டையொன்றின் கையை மடித்தபடி.

அவன் ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினான்.