மாரியூருக்கு வந்த முதல் சிக்னல்

மாரியூர் தகவல் மையத்துக்குப் புதிதாக வந்திருந்த சாட்டிலைட் மோடத்தோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் சாலிஹா. அலைவரிசை எண்ணைச் சரியாகத்தான் கொடுத்திருந்தாள். கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளைக்கூடக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டாள். ஆனாலும் சிக்னல் விளக்கு சிமிட்டியதே தவிர நிலைத்து எரியவில்லை. “இன்னைக்கு ஒன்ன விடுறதா இல்ல” என்று மோடத்திடம் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினாள்.

இந்தக் கடற்கரைக்குச் செயற்கைக்கோள் ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அதனால் மாடியில் பொருத்தியிருந்த டிஷ் ஆன்டெனாவும் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. அதற்குள் பரப்பியிருந்த நெத்திலி வெயிலில் பளபளத்தது. பக்கத்து வீட்டு உலகம்மாள் அருகில் நின்று காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏக்கா, இது மீன் காயப்போடுற தட்டா?”

“மண்ணு ஒட்டாம சுத்தமா இருக்குல்ல தாயி.”

கோபத்தையும் மீறிச் சாலிஹாவுக்குச் சிரிப்பு வந்தது. இருவருமாக மீனை வாரி, தரையில் விரித்த சாக்கில் கொட்டினார்கள். டிஷ்ஷைத் துடைத்துவிட்டுக் கீழே வந்தால், விளக்கு ஆடாமல் அசையாமல் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவள் வானிலைப் பக்கத்தைத் திறந்தாள். மாரியூருக்கு வானத்திலிருந்து முதல் சேதி வந்து இறங்கியது.

பின்னாலேயே வந்த உலகம்மாள், “என்னத்தா போட்டிருக்கு?” என்றாள்.

“மத்தியானத்துக்கு மேல நல்ல மழையாம்க்கா.”

சாலிஹா திரும்பிப் பார்ப்பதற்குள் உலகம்மாளைக் காணோம். “சாக்கைப் பிடிக்க நீயும் வாத்தா” என்ற குரல் மட்டும் மாடிப்படியிலிருந்து வந்தது.