சூடேறிய குழல்கள்

பேராலயத்தின் மேற்கு வாசலில், ஊர்வலமாக உள்ளே நுழையக் காத்திருந்த, வெள்ளை அங்கி போட்ட முப்பது பேருக்கு முன்னால் அவள் நின்றாள். பகலில் பஸ் ஓட்டுகிறவள் என்பதால் பாடகர் குழுவில் அவளுக்கு ‘ஸ்டியரிங்’ என்று பெயர். பதினோரு வருஷம் கடைசி வரிசையில் நின்றவளுக்கு, கிறிஸ்துமஸ் ஆராதனையின் முதல் கீதத்தில் முதல் சரணம் இந்த வருஷம்தான் கிடைத்திருந்தது. தனிக்குரல், துணைக்கு எதுவும் கிடையாது. இரண்டாம் சரணத்தில்தான் குழுவும் ஆர்கனும் சேரும். சேருகிற அந்த நொடியில் அவள் சுருதி கொஞ்சம் விலகியிருந்தாலும் ஆலயம் முழுக்கத் தெரிந்துவிடும். போன வருஷம் அப்படித்தான், ஆர்கன் நுழைந்ததும் இரண்டு ரேடியோவை ஒன்றாகத் திருப்பிவிட்டதுபோல் ஆனது. பாடிய மனிதர் இப்போது வேறு ஆலயத்துக்குப் போகிறார்.

“அண்ணி, எத்தனை தடவை தட்டுவீங்க! ஹாரனா அது?” என்றாள் பின்னால் நின்ற நாத்தனார்.

“உன் பாட்டு ரெண்டாம் சரணத்துலதான். அதுவரைக்கும் வாயை மூடு.”

அவள் கையில் இசைக்கவை இருந்தது. தட்டிக் காதருகே வைத்தால் எப்போதும் ஒரே ஸ்வரம். ஒரு வாரமாக அதைக் கேட்டுத்தான் பழகியிருந்தாள். இப்போதும் தட்டப் போனாள்.

“தட்டாதே, தட்டாதே!” என்று ஓட்டமும் நடையுமாக வந்தார் கணவர். ஆர்கனுக்குச் சுருதி கூட்டுவது அவர் வேலை. முழங்கையெல்லாம் தூசி. “அதை உள்ள வை. ஆர்கன் ஏறிப்போச்சு.”

“எங்கேங்க ஏறிச்சு?”

ஆர்கன் குழலில் பாடுவது தகரமல்ல, உள்ளே இருக்கும் காற்று. காற்று சூடானால் அதற்குள் சத்தம் வேகமாக ஓடும். குழலின் நீளம் மாறாததால் ஸ்வரம் மேலே ஏறும். காலையில் காலி ஆலயத்தின் குளிரில் அவர் சுருதி கூட்டினார். இப்போது எண்ணூறு பேர், நூறு மெழுகுவர்த்தி, நாலு ஹீட்டர். குழல்கள் எல்லாம் சேர்ந்தே ஏறியதால் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இசைக்கவையோ இரும்பு. ஆலயம் சூடானால் அதற்கென்ன?

“அரை ஸ்வரத்துல மூணுல ஒரு பங்கு ஏறியிருக்கு,” என்றார்.

“அப்ப ஆர்கன்லயே ஒரு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க!”

“ஆயர் ஜெபம் பண்றார். நடுவுல பொம்முனு அடிக்கச் சொல்றியா?”

சட்டைப்பையிலிருந்து பென்சில் அளவுக் குழல் ஒன்றை எடுத்து நீட்டினார். “இன்னைக்கு வாசிக்காத வரிசையிலேர்ந்து பிடுங்கிட்டு வந்தேன். உன் ஸ்வரம்தான், ஸ்தாயில மூணு மாடி மேல நிக்குது. நீ இறக்கிக்கோ.”

அவள் அதை ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் பிடித்தாள்.

“ஐயோ, பொத்தாதே, கைச்சூடு ஏறும்! அடியில ரெண்டு விரல் போதும். உன் மூச்சும் சூடுதான், அதனால ஒரே ஒரு சின்ன ஊதல். பலமா ஊதினாலும் ஏறிடும்.”

“பஸ்ஸே தேவலாம்,” என்றாள் அவள்.

“அண்ணா, எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போகூட உனக்கு இத்தனை நிபந்தனை இல்லையே!” என்றாள் நாத்தனார்.

எண்ணூறு பேரும் “ஆமென்” என்றார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவள் ஊதினாள். குருவி கீச்சிட்டதுபோல் ஒரு துளி. பிடித்துக்கொண்டாள், கீழே இறக்கினாள், வாயைத் திறந்தாள்.

முதல் வரி முடிந்ததும்தான் ஆபத்து தெரிந்தது. ஒரு வாரம் பழகிய தொண்டை பழைய இடத்துக்கே போகப் பார்த்தது, டயரில் காற்றுக் குறைந்த பஸ் ஒரு பக்கமாக இழுப்பதுபோல. அவள் விடவில்லை. ஒவ்வொரு வரியையும் நேராகப் பிடித்து, மெழுகுவர்த்திகளுக்கு நடுவே நடந்தாள். நாலாம் வரி. கடைசிச் சொல். மூச்சு.

இரண்டாம் சரணம் தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் முப்பது குரல்கள். ஆர்கன் எங்கே? காதைத் தீட்டினாள், தனியாக எதுவும் கேட்கவில்லை. காலடியில்தான் தெரிந்தது. பெரிய குழல்களின் அதிர்வில் தரை மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. அது எப்போதோ வந்து, பிசிறில்லாமல் சேர்ந்திருந்தது.

“அண்ணி,” என்று வரிகளுக்கு நடுவே கிசுகிசுத்தாள் நாத்தனார், “ஆர்கன்காரர் தூங்கிட்டாரா? இன்னும் ஆரம்பிக்கலையே!”

“ஆரம்பிச்சாச்சு. நீதான் இன்னும் ஆரம்பிக்கல. பாடுடி!”

சிரிப்போடு சிரிப்பாக மூன்றாம் சரணத்தை எடுத்தாள்.